ஹிமேஜி கோட்டை: பிரித்துக் கட்டிய பிறகும் அது அசல்தானா?

வழிப்போக்கன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் வேலை விஷயமாக ஒசாகா போயிருந்தேன். நடுவில் ஒருநாள் ஓய்வு கிடைத்தது, நேராக ஒசாகா கோட்டைக்குப் போய்விட்டேன். அகழியையும் மதிலையும் பார்த்து அசந்து நின்றேன். வாசலுக்குள் ஒரே கல் ஒரு வீட்டுச் சுவரைவிடப் பெரிதாக நிற்கிறது. சரி, மதிலே இப்படி என்றால் உள்ளே எப்படி இருக்கும் என்று கோபுரத்துக்குள் நுழைந்தால், லிஃப்ட். கான்கிரீட் தூண்கள். கண்ணாடிப் பெட்டிகளில் காட்சிப் பொருட்கள். 1931-ல் கட்டியது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். மனசு விட்டுப்போச்சு.

எனக்கு வேண்டியது, அந்தக் காலத்து மனிதர்கள் நடந்த மரப்பலகையின் மேல் ஒரு தடவை நடப்பது. மார்ச் கடைசியில் மறுபடி போகிறேன். எல்லோரும் ஹிமேஜி என்கிறார்கள். ஆனால் உடன் வேலை பார்க்கும் ஒருவர், "அதையும் 1950-களில் அடியோடு பிரித்துப்போட்டுத் திரும்பக் கட்டினார்களே" என்கிறார். அப்படியானால் ஒசாகாவுக்கும் ஹிமேஜிக்கும் என்ன வித்தியாசம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோபே சுந்தரி

தம்பி, யோசிக்காமல் ஹிமேஜிக்குப் போங்கள். ஒசாகாவிலிருந்து சாதாரண விரைவு ரயிலிலேயே ஒரு மணி நேரம்தான். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் நேர்ச்சாலை. அதன் கடைசியில் வெள்ளையாகக் கோட்டை தெரியும். இருபது நிமிட நடை. பஸ் இருக்கிறது, ஆனால் நடந்தே போங்கள். ஒவ்வொரு சிக்னலிலும் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே வரும். வெள்ளைக் கொக்கு இறக்கை விரித்த மாதிரி என்று அதை 'ஷிராசாகி' கோட்டை என்பார்கள், கொக்குக் கோட்டை. நான் கோபேயில் இருப்பதால் ஐந்தாறு தடவை போய்விட்டேன். ஒரு தடவைகூட அலுக்கவில்லை.

ஜப்பானில் பழைய மரக் கோபுரம் அப்படியே மிஞ்சிய கோட்டைகள் மொத்தம் 12. கோபுரத்தை அவர்கள் 'தென்ஷு' என்பார்கள். அந்த 12-லும் தேசியப் பொக்கிஷம் என்ற தகுதி ஐந்துக்குத்தான் உண்டு: ஹிமேஜி, மட்சுமோட்டோ, ஹிகோனே, இனுயாமா, மட்சுயே. இவற்றில் ஆகப் பெரியது ஹிமேஜி. இப்போது நிற்கும் கோபுரம் 1609-ல் முடிந்தது.

ஆனால் ஒசாகாவை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். 1931-ல் அந்த ஊர் மக்கள் நன்கொடை போட்டுக் கட்டியது அது. இப்போது அதற்கும் வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது.

மரவேலை மணி

உங்கள் நண்பர் சொன்னது உண்மை. அதை ஒரு குறையாகச் சொல்கிறாரே, அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. அப்பா காலத்திலிருந்து தச்சுத் தொழில் எங்களுக்கு. அந்தக் கண்ணோடு எழுதுகிறேன்.

அந்தக் கோபுரத்துக்குப் பிறவியிலேயே ஒரு நோய் இருந்தது. கோபுரம் மட்டும் ஐயாயிரம் டன்னுக்கு மேல். அது நிற்பது ஹிமேயாமா என்ற சின்னக் குன்றின் உச்சியில், பாதி பாறை, பாதி நிரப்பிய மண். மண் இருக்கும் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்க, கோபுரம் தென்கிழக்காகச் சாய்ந்தது. இதற்கு ஊரில் ஒரு கதையே உண்டு. சகுராய் கென்பேய் என்ற தலைமைத் தச்சர் வேலை முடிந்ததும் மனைவியை மேலே அழைத்துப்போய்க் காட்டினாராம். அந்த அம்மா, "எல்லாம் அழகுதான், ஆனால் லேசாகச் சாய்ந்திருக்கிறதே" என்றாராம். பெண் கண்ணுக்கே தெரிகிற பிழையைச் செய்துவிட்டோமே என்று அவர் வாயில் உளியைக் கவ்விக்கொண்டு மேலிருந்து குதித்துவிட்டாராம். கதை கதைதான். சாய்வு மட்டும் நிஜம். தச்சர் மேல் தப்பில்லை, அடித்தளம் அமுங்கியதுதான் காரணம்.

1934-ல் பெருமழையில் மேற்குப் பகுதியில் ஒரு மதில் சரிந்தது. அடுத்த வருடம் பழுதுபார்ப்பைத் தொடங்கினார்கள், போர் வந்து நின்றுபோனது, பிறகு 1950-ல் மறுபடி ஆரம்பித்தார்கள். பெரிய கோபுரத்தின் முறை 1956-ல் வந்தது. எட்டு வருடம் எடுத்து 1964-ல் முடித்தார்கள். ஒவ்வொரு மரத்துண்டையும் அடையாளமிட்டு, அளந்து, வரைந்து, இறக்கி வைத்தார்கள். உளுத்ததை மட்டும் மாற்றினார்கள். முனை மட்டும் கெட்டிருந்தால் அந்த முனையை மட்டும் வெட்டிவிட்டுப் புது மரத்தை ஒட்டுச் சேர்த்தார்கள். இதெல்லாம் ஏன் முடிந்தது? கழுந்து செதுக்கித் துளையில் இறக்கிப் பொருத்திய கட்டடம் என்பதால். பிரிக்க முடிகிற மாதிரிதான் அதைக் கட்டியே இருக்கிறார்கள். கான்கிரீட்டை இடிக்கத்தான் முடியும், பிரிக்க முடியாது. ஒசாகாவுக்கும் ஹிமேஜிக்கும் வித்தியாசம் இதுதான்.

அப்புறம் அந்த இரண்டு பெருந்தூண்கள். கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று. நிலவறையிலிருந்து மேல்தளம் வரைக்கும் கிட்டத்தட்ட 25 மீட்டர். அடிப்பக்கம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான விட்டம். கிழக்குத் தூண் பழையதுதான், 'மோமி' என்கிற ஊசியிலை மரம். அதன் அடிப்பகுதியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். மேற்குத் தூண் உள்ளே கெட்டுப்போயிருந்தது. அதை மாற்ற அவ்வளவு நீள மரத்துக்கு நாடெங்கும் தேடி, கீசோ மலைக்காட்டில் ஒரு ஹினோக்கி மரத்தைக் கண்டுபிடித்தார்கள். கொண்டுவரும் வழியில் அது முறிந்துவிட்டது. அந்தத் தச்சர்கள் அன்று ராத்திரி தூங்கியிருப்பார்களா என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. கடைசியில் ஹிமேஜி இருக்கிற மாகாணத்திலேயே காசகாதா கோயில் வளாகத்திலிருந்து இன்னொரு ஹினோக்கி கிடைத்தது. இரண்டையும் மூன்றாம் மாடி உயரத்தில் இணைத்து ஒரே தூணாக நிறுத்தினார்கள். தூண் மரத்தை ஊருக்குள் ஊர்வலமாக இழுத்து வந்தார்கள், தேர் இழுக்கிற மாதிரி.

சங்கரன் தி.

மணி சாரின் பதிவு அருமை. ஆனாலும் ஒரு மறுப்பு. மேற்குத் தூண் புதிது. அடித்தளம் 1950-களில் போட்ட கான்கிரீட், அதை நீங்கள் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். 2009-லிருந்து 2015 வரை நடந்த வேலையில் கூரை ஓடுகளை எல்லாம் இறக்கி ஏற்றினார்கள், பூச்சு முழுக்கப் புதிது. திறந்த அன்று கோட்டை கண் கூசும் அளவுக்கு வெள்ளையாக இருந்ததால் ஜப்பானியர்களே அதை 'ஷிரசுகி' என்றார்கள், அளவுக்கு மீறி வெள்ளை என்று பொருள். தூண் புதிது, பூச்சு புதிது, அடி புதிது என்றால் எதைப் பார்த்து நாம் 1609 என்கிறோம்? பாதிக்குப் பாதி மாற்றிய பிறகும் பழைய பெயரைச் சொல்வது பார்க்க வருகிறவனை ஏமாற்றுவது ஆகாதா? நான் சண்டைக்கு எழுதவில்லை. நிஜமாகவே எனக்கு இது உறுத்துகிறது.

மரவேலை மணி

அடித்தளத்தைச் சொல்லாமல் விட்டது என் தவறு. ஆமாம், கீழே கான்கிரீட் போட்டார்கள். அது இல்லாமல் திரும்ப நிறுத்தியிருந்தால் திரும்பவும் சாய்ந்திருக்கும்.

பூச்சைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவர்கள் அதை 'ஷிக்குயி' என்பார்கள். சுண்ணாம்பு, கிளிஞ்சல் சாம்பல், சணல் நார், கடற்பாசியைக் காய்ச்சி எடுத்த பசை, எல்லாம் கலந்து இழைப்பது. சுவரில் மட்டும் பூசுவதில்லை. கூரையில் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில், வரப்பு மாதிரி எடுப்பாகப் பூசுவார்கள். கீழேயிருந்து பார்த்தால் கூரையே வெள்ளையாகத் தெரிவது அதனால்தான், ஓடு சாம்பல் நிறம்தான். மழையிலும் ஈரத்திலும் பூஞ்சை பிடித்துச் சில வருடத்தில் அது கறுக்கத் தொடங்கிவிடும். 1609-லும் அப்படித்தான் கறுத்திருக்கும், மறுபடி பூசியிருப்பார்கள். வெள்ளைதான் அதன் சொந்த நிறம். நாம் படங்களில் பார்த்துப் பழகிய சாம்பல் நிறம் அழுக்கு.

வெறும் அழகுக்கும் இல்லை அந்தப் பூச்சு. மரக் கட்டடத்துக்கு நெருப்புதான் எமன். இறவாணத்தின் அடிப்பக்கம், சன்னல் கம்பி என்று வெளியே தெரிகிற மரம் அத்தனையையும் சாந்தால் மூடியிருக்கிறார்கள். நெருப்பம்பு பட்டாலும் துப்பாக்கிப் பொறி பட்டாலும் சட்டென்று பற்றாது.

கோபே சுந்தரி

சங்கரன் சார் கேட்ட கேள்வியை உலக அளவிலேயே கேட்டிருக்கிறார்கள். 1993 டிசம்பரில் ஹிமேஜியும் நாராவின் ஹோர்யூஜி கோயிலும்தான் ஜப்பானிலிருந்து பண்பாட்டுச் சின்னங்களாக முதன்முதலில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. அடுத்த வருடம், 1994 நவம்பரில், 'அசல்தன்மை' என்றால் என்ன என்று பேசுவதற்காகவே நாராவில் நிபுணர்கள் கூடினார்கள். கல் கட்டடங்களை மனதில் வைத்து எழுதிய விதிகளை மரக் கட்டடங்களுக்கு அப்படியே பொருத்த முடியுமா என்பதுதான் பேச்சு. பொருளை மட்டும் பார்க்காமல் வடிவம், செய்முறை, கைத்திறன், பயன்பாடு எல்லாவற்றையும் அந்தந்தப் பண்பாட்டை வைத்து எடைபோட வேண்டும் என்று நாரா ஆவணம் எழுதினார்கள்.

2020-ல் இந்தத் தச்சு, ஓடு, பூச்சு வேலைத் திறன்களையும் தனியாக யுனெஸ்கோ அங்கீகரித்தது. ஐம்பது வருடத்துக்கு ஒருமுறை பெரிய வேலை நடந்தால்தான் அடுத்த தலைமுறைக்குக் கை பழகும். 2011-லிருந்து 2014 வரை கோபுரத்தைச் சுற்றிப் பெரிய கூடாரம் எழுப்பி, மேலே பார்வையாளர் தளம் வைத்து, வேலையைக் கண்ணாடி வழியாகப் பார்க்க விட்டார்கள். நான் அப்போது போயிருந்தேன். ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கைக்கரண்டியால் ஓட்டு வரப்பை இழுத்து இழுத்து மெழுகிக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி ஓர் இளைஞர் அதையே செய்து பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் திரும்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பையன் போட்ட வரப்பை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு நகர்ந்தார். அவ்வளவுதான்.

கோட்டைப்பித்தன்

எல்லோரும் கோபுரத்தையே பேசுகிறீர்கள். கோபுரம் போரே பார்க்காத கட்டடம். ஹிமேஜியின் மூளை அதன் வழிகளில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை, நீளமாகப் போனால் மன்னிக்கவும்.

முதலில் ஏன் அங்கே அவ்வளவு பெரிய கோட்டை? 1333-லேயே அகமட்சு குடும்பம் அந்தக் குன்றில் காவல் வைத்திருந்தது. பிறகு குரோதா குடும்பம். 1580-ல் ஹிதேயோஷி என்ற படைத்தலைவரின் கைக்கு வந்து, அவர் மூன்றடுக்குக் கோபுரம் கட்டினார். ஹிதேயோஷி இறந்த பிறகு நாடு யாருக்கு என்று 1600-ல் செக்கிகஹாரா போர். அதில் ஜெயித்த டோகுகாவா இயேயாசு, தன் மருமகன் இகேதா தெருமாசாவுக்கு இந்த ஊரைக் கொடுத்தார். 5 லட்சத்து 20 ஆயிரம் 'கொகு' வருமானமுள்ள நாடு. ஒரு கொகு என்பது ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துக்கான அரிசி. சும்மா கொடுக்கவில்லை. ஹிதேயோஷியின் மகன் ஹிதேயோரி இன்னும் ஒசாகாவில் உயிரோடு இருக்கிறான். மேற்கு ஜப்பானின் பிரபுக்களில் பலர் அவன் பக்கம் சாயக்கூடியவர்கள். அவர்கள் கிழக்கே வந்தால் இந்த வழியாகத்தான் வரவேண்டும். அந்தக் கதவுக்குப் பூட்டுத்தான் ஹிமேஜி. 1601-ல் தொடங்கி எட்டு வருடம் கட்டினார்கள்.

இப்போது நீங்கள் எதிரிப் படையில் ஒரு வீரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள் அகழியைத் தாண்டி ஹிஷி வாசலில் நுழைகிறீர்கள். கோபுரம் இதோ, கையெட்டும் தூரத்தில் மாதிரி தெரிகிறது. நேரே போனால் 'இ' வாசல், அடுத்து 'ரோ', 'ஹா', 'நி', 'ஹோ'. அவர்களுடைய பழைய எழுத்து வரிசையில் பெயர் வைத்திருக்கிறார்கள், நாம் அ, ஆ, இ என்று வைப்பதுபோல. வழி சீராக ஏறாது. 'ஹா' வாசலை நெருங்க நெருங்கக் குறுகும். 'நி' வாசலுக்குப் போக வந்த திசைக்கே முதுகைத் திருப்ப வேண்டும். உள்ளே இருட்டு, தலை தட்டும், மேலேயே காவலறை. 'ஹோ' வாசல் இரும்புத் தகடு அறைந்தது, குனிந்து ஒவ்வொருவராகத்தான் நுழைய முடியும். அதைத் தாண்டியதும்தான் எனக்கு மிகப் பிடித்த இடம் வருகிறது. கோபுரம் தலைக்கு நேர் மேலே இருக்கிறது, வழி கீழ்நோக்கி இறங்குகிறது! வழி தப்பிவிட்டோமோ என்று யாருக்கும் கால் தயங்கும். அந்த ஒரு கணத் தயக்கத்தில் மேலேயிருந்து காவல்காரன் குறி வைக்கிறான்.

குறி வைக்கச் சுவரெங்கும் துளைகள். 'சாமா' என்பார்கள். வட்டம், முக்கோணம், சதுரம், செவ்வகம். நீளமாக நிற்பது அம்புக்கு, மற்றவை துப்பாக்கிக்கு. இன்றைக்கும் ஆயிரத்துக்குக் கிட்டத்தட்ட மிஞ்சியிருக்கின்றன. மூலைகளில் கல் எறியும் பொறிகள். சுவரில் ஏறுகிறவன் மேல் நேராகக் கீழே போடலாம்.

அதே ஹிஷி வாசலுக்குள் நுழைந்ததும் வலப்பக்கம் ஒரு சின்ன அகழி இருக்கும். அதன் ஓரமாகப் போனால் மதில் கல்லுக்குள்ளேயே மறைவாக 'ரு' வாசல். பாம்புப் பொந்து மாதிரி. தெரியாதவனுக்கு அது கண்ணிலேயே படாது. வழிப்போக்கன், திரும்பி வரும்போது அவசியம் அந்த வழியாக வாருங்கள்.

மதில்களின் வளைவையும் நின்று பாருங்கள். அடியில் சரிவாகத் தொடங்கி, ஏற ஏற நிமிர்ந்துகொண்டே போகும். விசிறிச் சரிவு என்று பெயர். முதல் பத்தடி சுலபமாக ஏறிவிடுகிறவன் அதற்கு மேல் தொங்க வேண்டியதுதான். சாய்ந்திருப்பதால் நிலநடுக்கத்திலும் தாங்கும். கல் போதாமல் பழைய கல் சவப்பெட்டிகள், விளக்குத் தூண்களைக்கூட மதிலில் சொருகியிருக்கிறார்கள்.

நிலா அம்மா

பத்து வயதுப் பெண்ணோடு போகிறோம். அவளுக்கு வாசல் கணக்கெல்லாம் அலுப்பாக இருக்கும். பேய்க் கிணறு ஒன்று இருக்கிறதாமே? அவளுக்கு அதுதான் வேண்டுமாம். சொல்லக்கூடிய கதையா?

கோபே சுந்தரி

ஒகிகு கிணறு, நிலா அம்மா. கோபுரத்துக்குத் தெற்கே, கீழ்த்தளத்து முற்றத்தில் இருக்கிறது, கம்பி வலை போட்டிருப்பார்கள். ஒகிகு என்ற பணிப்பெண். எஜமானரைக் கவிழ்க்க நடந்த சதியை அவள் வெளியே சொல்லிவிட்டாள். பழிதீர்க்கப் பத்துத் தட்டுகளில் ஒன்றை ஒளித்துவைத்து, நீதான் தொலைத்தாய் என்று அவளைக் கொன்று கிணற்றில் போட்டுவிட்டார்கள். ராத்திரியில் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற குரல் கேட்குமாம், ஒன்பதோடு நின்றுவிடுமாம். பத்து வயதுக்குச் சொல்லலாம். என் பையன் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து "பத்து!" என்று கத்திவிட்டு வந்தான், அவளுக்காக.

இன்னொன்று, கேழ்வரகு அரைக்கிற திரிகை மாதிரி ஒரு கல் மதிலில் வலைக்குள் இருக்கும். ஹிதேயோஷி கல் கிடைக்காமல் திண்டாடியபோது, மோச்சி என்ற அரிசிப் பண்டத்தைச் சுட்டு விற்ற ஒரு பாட்டி தன் திரிகைக் கல்லைக் கொடுத்தாளாம். அதைக் கேட்டு ஊரே கல் கொண்டுவந்ததாம். இந்தக் கதை என் பையனுக்குப் பேயைவிடப் பிடித்திருந்தது.

நேரம் இருந்தால் மேற்கு வளாகத்தை விட்டுவிடாதீர்கள். சென்ஹிமே இருந்த இடம். இயேயாசுவின் பேத்தி அவள். ஏழு வயதில் அவளை ஹிதேயோரிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். 1615-ல் ஒசாகாவை எரித்து அந்தக் கணவனைச் சாகடித்ததும் அவளுடைய சொந்தத் தாத்தாதான். அடுத்த வருடம் ஹோண்டா தாதாதோகியைக் கல்யாணம் செய்து, அதற்கடுத்த வருடம் ஹிமேஜி வந்தாள். அவளுடைய சீதன வருமானத்தில் எழுந்ததாகச் சொல்லும் ஒப்பனைக் கோபுரமும், பணிப்பெண்கள் இருந்த நீண்ட தாழ்வாரமும் இன்றும் இருக்கின்றன. அந்தத் தாழ்வாரத்தில் நின்று எதிரே உள்ள ஆண் மலைக் கோயிலைப் பார்த்துக் கும்பிடுவாளாம். மகன் மூன்று வயதில் போனான். 1626-ல் கணவரும் போனார். எடோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்குத் திரும்பித் துறவியாகிவிட்டாள். அந்தத் தாழ்வாரம் வளைந்து வளைந்து போகும், பலகை முழுக்கத் தேய்ந்து பளபளக்கும். நான் எப்போது போனாலும் கோபுரத்தைவிட அங்கேதான் அதிக நேரம் நிற்கிறேன்.

கோட்டைப்பித்தன்

சங்கரன் சாருக்கு ஒரு வார்த்தை. எவ்வளவு மாற்றினார்கள் என்று கணக்குப் பார்க்கிறோம். எத்தனை தடவை அது மொத்தமாகப் போயிருக்க வேண்டியது என்றும் பாருங்கள்.

சாமுராய் ஆட்சி முடிந்து மெய்ஜி காலம் வந்ததும் கோட்டைகள் வேண்டாத சுமையாகிவிட்டன. ஹிமேஜியை ஏலம் விட்டார்கள். 23 யென் 50 சென். ஊர்க்காரர் ஒருவர் ஓட்டுக்கும் இரும்புக்கும் ஆசைப்பட்டு எடுத்தார், பிரிக்கிற கூலியே அதைவிட அதிகம் என்று தெரிந்து கைவிட்டார் என்பார்கள். பிறகு ராணுவம் முகாமுக்காக மூன்றாம் வளாகத்து மாளிகைகளை இடித்தது. இப்போது பூ மரங்களும் புல்லுமாக இருக்கிற பெரிய மைதானம் அதுதான். 1878-ல் நாகாமுரா ஷிகெதோ என்ற ராணுவ அதிகாரி, நகோயா கோட்டையையும் ஹிமேஜியையும் காப்பாற்றுங்கள் என்று மேலிடத்துக்கு மனு எழுதினார். ஹிஷி வாசலுக்குள் அவருக்கு ஒரு நினைவுக் கல் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதைக் கடந்து போய்விடுவார்கள். நான் அங்கே தொப்பியைக் கழற்றினேன்.

1945 ஜூலை 3 ராத்திரி விமானங்கள் வந்தன. விடிவதற்குள் சுற்றியிருந்த ஊர் சாம்பல். கோட்டை தெரியக்கூடாது என்று ஏற்கனவே கறுப்பு வலையால் மூடியிருந்தார்கள். கோபுரத்தின் மேல்தளத்தில் ஒரு தீக்குண்டு விழுந்தது, வெடிக்கவில்லை. காலையில் ஊர்க்காரர்கள் கண்டது எரிந்த வீடுகளுக்கு மேலே நின்ற அந்தக் கோபுரத்தைத்தான். நாகாமுரா சேர்த்துக் காப்பாற்றிய நகோயா அதற்கு ஏழு வாரம் முன்பு, மே 14-ல், எரிந்துபோனது.

1995-ல் கோபேயைப் புரட்டிய நிலநடுக்கத்திலும் ஹிமேஜிக்குப் பெரிய சேதமில்லை. மேல்தளத்தில் ஒசகாபே தெய்வத்தின் முன்னால் வைத்த சாக்கே மதுப் புட்டிகூட விழவில்லை என்பார்கள்.

சங்கரன் தி.

இதற்கெல்லாம் பதில் எழுத இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். பிரித்துக் கட்டுவது பற்றி என் எண்ணம் மாறிவிட்டது. நான் பொருளை மட்டும் பார்த்தேன். 1950-களில் பிரித்தபோது இன்றைய கோபுரத்துக்கு அடியில் ஹிதேயோஷியின் பழைய கோபுரத்துக் கல் அடித்தளம் கிடைத்தது என்று தேடிப் படித்தேன். 2009-க்குப் பிந்தைய வேலையில், மேல்தளத்து மூலைகளிலும் சன்னல் வைக்க நினைத்து நடுவில் கைவிட்ட தடயம் சுவருக்குள் கிடைத்திருக்கிறது. பிரித்ததால்தான் இவை தெரியவந்தன. பிரிக்காமல் பூட்டி வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஒன்றில் மட்டும் இன்னும் எனக்குத் தெளிவில்லை. நகோயாவில் 1959-ல் கான்கிரீட்டில் கட்டிய கோபுரத்தை 2018-ல் மூடிவிட்டார்கள். பழைய அளவு வரைபடங்களை வைத்து மரத்திலேயே திரும்பக் கட்டத் திட்டம். அப்படிக் கட்டினால் லிஃப்ட் வைப்பதா வேண்டாமா என்று பெரிய விவாதம். சக்கர நாற்காலியில் வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு எதை நாம் அசல் என்று கொண்டாடுவது? ஹிமேஜியில் லிஃப்ட் வைக்க முடியாது, அது புரிகிறது, அது பழைய மரம். புதிதாகக் கட்டுவதில் ஏன் அந்தப் பிடிவாதம்? என் அம்மாவுக்கு முழங்கால் முடியாது. வழிப்போக்கனுக்கு ஏமாற்றம் கொடுத்த அந்த ஒசாகா லிஃப்டில்தான் என் அம்மா எட்டாவது மாடிக்குப் போய் ஊரைப் பார்த்தார்.

வழிப்போக்கன்

சங்கரன் சார், நீங்கள் கடைசியாக எழுதியதைப் படித்த பிறகு ஒசாகா லிஃப்டைப் பற்றி நான் எழுதிய தொனிக்கு வருந்துகிறேன்.

போய்விட்டு வந்தேன். சுந்தரி அக்கா சொன்ன மாதிரி நடந்தே போனேன். ஏற்பாட்டாளர் ஒருவர் மூலம் ஒரு குழுவோடு போனதால் காலையில் நாற்பது நிமிடத்தில் முடிக்கச் சொல்லி விரட்டினார்கள், கோபுரத்துக்குள் பாதிதான் போக முடிந்தது. மனசு கேட்கவில்லை. மறுநாள் தனியாக ரயில் ஏறித் திறக்கும் நேரத்துக்கு முன்பே போய் நின்றுவிட்டேன்.

'ஹோ' வாசலில் தலையை இடித்துக்கொண்டேன். அடுத்து வழி இறங்கியது. பித்தன் எழுதியது நினைவிருந்தும், ஒரு நொடி திரும்பிப் பார்த்துவிட்டேன்.

கோபுர வாசலில் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் தருகிறார்கள். சாக்ஸோடு நடந்தேன். வெளியே வெயில், பலகை மட்டும் ஜில்லென்று இருந்தது. வெளியிலிருந்து ஐந்து அடுக்கு, உள்ளே நிலவறையோடு சேர்த்து ஏழு தளம். நிலவறையில் கழிப்பறைகள் இருக்கின்றன, முற்றுகை வந்தால் இருக்கட்டும் என்று கட்டியவை. யாரும் ஒருநாளும் பயன்படுத்திய தடயம் இல்லையாம். சுவரோரமாகத் துப்பாக்கி மாட்டும் கொக்கிகள் வரிசையாக வெறுமனே நிற்கின்றன. படிகள் ஏணி மாதிரி. எனக்கு முன்னால் ஒரு வயதான ஜப்பானியப் பாட்டி கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினார். பின்னால் இருந்த யாரும் அவசரப்படுத்தவில்லை.

மணி சார், மூன்றாம் மாடியில் மேற்குத் தூணைத் தேடிப் போனேன். இரண்டு மரமும் சேருகிற இடம் கண்ணுக்கே தெரிகிறது. கீழ் மரத்துக்கும் மேல் மரத்துக்கும் நிறத்தில் லேசான மாற்றம். ஒன்று மலைக்காட்டிலிருந்து, ஒன்று கோயிலிலிருந்து. அங்கிருந்து கிழக்குத் தூணுக்குப் போனேன். இதுதான் அந்த 1609. அதில் உளி வாய் பட்ட தடம் சின்னச் சின்ன அலை மாதிரி வரிவரியாக இருக்கிறது, சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போதுதான் தெரியும். இரண்டுக்கும் நடுவில் நாலைந்து தடவை நடந்தேன். நான் எதைத் தேடி வந்தேனோ அது கிழக்குத் தூண். ஆனால் திரும்பத் திரும்பப் போய் நின்றது மேற்குத் தூண் பக்கம்தான்.

வெளியே வரும்போது 'ரு' வாசலைக் கண்டுபிடித்து அந்த வழியாக இறங்கினேன். அங்கே என்னைத் தவிர ஒருவரும் இல்லை. அடுத்த தடவை மட்சுயே போகலாம் என்று இருக்கிறேன். அங்கே போனவர்கள் இருந்தால் எந்த மாதத்தில் போனீர்கள் என்று எழுதுங்கள்.